இதர விஷயங்கள்

ஔலு நகரத்தில் நவம்பர்.
மூன்றரைக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
செவிலியர் ஆய்வுச் சங்கம்
அடுத்த பத்தாண்டில் எந்தத் திசையில் போவது என்று முடிவுசெய்ய
பதினோரு பேர், ஒரு நீள மேசை,
ஏலக்காய் மணக்கும் ரொட்டி ஒரு தட்டு.
குறிப்பெடுப்பது நான்.
குறிப்பெடுப்பவருக்கு வாக்கு உண்டு, வாய் கிடையாது.
விதிகளில் இல்லை இது. பழக்கத்தில் இருக்கிறது.

தலைவி மார்க்கெத்தா சுவரில் மஞ்சள் சீட்டுகள் ஒட்டினார்:
செயற்கை நுண்ணறிவு.
நிதி.
பன்னாட்டுக் கூட்டுறவு.
ஆள் பற்றாக்குறை.
வெப்பமூட்டியின் காற்றில்
பன்னாட்டுக் கூட்டுறவு முதலில் உதிர்ந்தது.
யாரோ குனிந்தெடுத்து நிதிக்கு மேலே ஒட்டினார்கள்.
மேலேயா கீழேயா என்று இருபது நிமிடம்.

நாலே முக்காலுக்கு ஹில்க்கா கை தூக்கினாள்.
முனைவர் பட்டமில்லை. நுரையீரல் வார்டு,
பத்தொன்பது வருட இரவுப் பணி.
பையிலிருந்து கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்தாள்,
கிருமிநாசினி பட்டுப் பட்டு
அட்டை வெளுத்த நோட்டு.
"மணியடித்து நான் போய் நின்றதும்
'ஒன்றுமில்லை' என்றவர்கள்.
அவர்களை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்."

வாசித்தாள்.
மருந்தளவு ஒப்பிக்கும் குரல்.

மார்ச் ஆறு, 3.10. நான்காம் கட்டில். ஒன்றுமில்லை என்றார்.
போர்வையைச் சரிசெய்தேன். சரியாகத்தான் இருந்தது.
3.40. நான்காம் கட்டில். ஒன்றுமில்லை.
பனி பெய்கிறதா என்றார். ஆமாம் என்றேன்.
4.25. நான்காம் கட்டில். மணியடிக்கவில்லை. போனேன்.

வெப்பமூட்டி மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

புள்ளியியல் பேராசிரியர் ரைனே ஹார்கோனென்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்ததையே மறுபடி துடைத்தார்.
"ஒப்பிட இன்னொரு குழு வேண்டும்.
அதற்கும் முன்னால் ஒரு கேள்வி வேண்டும்.
கேள்வி இல்லாமல் ஆய்வு ஏது?"
அவர் சொன்னதில் தவறில்லை. குறித்துக்கொண்டேன்.

"கேள்வி என்னவென்று எனக்கும் தெரியாது," என்றாள் ஹில்க்கா.
"உங்களிடம் கேட்கலாமென்றுதான்
மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தேன்."
இதைக் குறிக்க மறந்துவிட்டேன்.
இல்லை, மறக்கவில்லை. பேனா நின்றுவிட்டது.

வாக்கெடுப்பு. நான்கு சீட்டுக்கும் நான்கு எண்.
நோட்டு? இதர விஷயங்களில் சேர்க்கலாம்,
அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்.
என் கையும் தூக்கியிருந்தது, எல்லார் கையோடும்.
ஹில்க்கா ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு
ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.
அன்றும் அவளுக்கு இரவுப் பணி.

நானும் வார்டில் இருந்தவள்தான், எட்டு வருடம்.
யாராவது ஒன்றுமில்லை என்றால்
நம்பிவிடுவேன்.
நம்பினால்தானே அடுத்த கட்டிலுக்குப் போக முடியும்?
அந்த எட்டு வருடத்தில் எத்தனை பேரை நம்பினேன்
என்பதற்கு என்னிடம் நோட்டு இல்லை.

இரவு பதினொன்றுக்கு நடவடிக்கைக் குறிப்பைத் தட்டச்சு செய்தேன்.
திசை ஒன்று என்று அடித்து
வெகுநேரம் அதையே பார்த்தேன்.
பிறகு அதற்கெதிரே எழுதினேன்:
'ஒன்றுமில்லை' என்ற பதில்.
செயற்கை நுண்ணறிவு முதற்கொண்டு எல்லாம்
ஆளுக்கொரு படி கீழே இறங்கின, சத்தமில்லாமல்.
திருத்தம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவும்.
அனுப்பிவிட்டேன்.

பத்துப் பேருக்குப் போனது.
ஆறாம் நாள் ஒரே ஒரு திருத்தம், ரைனேயிடமிருந்து:
தன் பெயரில் இரண்டு எழுத்துகளுக்கு
மேலே புள்ளிகள் விட்டுப்போயிருக்கின்றன.
நான்கு புள்ளிகளையும் வைத்தேன்.
கடிதத்தின் அடியில் எழுதியிருந்தார்:
மற்றபடி ஒன்றுமில்லை.

தொலைபேசியைக் கையில் எடுத்து வைத்திருக்கிறேன்.
வெளியே பனி பெய்கிறதா என்று
அவர் கேட்டால் சொல்வதற்காக
ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன்.